கயிறின்றி ஆட்டுவித்தவர்: தாதாசாகிப் பால்கே வரலாறு

திருக்குறளில் நாணுடைமை என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், அதன் இறுதிக் குறளில் வரும் மரப்பாவையின்பாற் சிறிது நேரம் நின்று விளக்குவது என் வழக்கம். அகத்தில் நாணமில்லாதவர் உலகில் நடமாடுவது, கயிற்றால் இயக்கப்படும் மரப்பாவை உயிருடையதுபோல் மயக்குவதை ஒக்கும் என்பது வள்ளுவர் கருத்து. நாண் என்பது நாணத்துக்கும் கயிற்றுக்கும் பொதுவான சொல்லாதலால் உவமையும் பொருளும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

அண்மையில் இப்பாடம் முடிந்த ஒரு மாலையில் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். கயிறே இல்லாமல் பாவையை நடக்கச் செய்யும் முறை ஒன்று இக்காலத்தில் உண்டென்றும், தான் அதனை முயன்று பார்த்ததாகவும் கூறித் தன் கைப்பேசியை நீட்டினான். மட்டக்களப்பு வாவிக்கரையில் எடுத்த களிமண்ணைக் கம்பியின்மேல் அப்பிச் செய்த சிறு மனித உருவம் ஒன்று அதிலே தோன்றியது. அஃது இரண்டடி வைத்தது. திடீரென ஒரு முழம் பாய்ந்தது. வெளிச்சம் கூடியுங் குறைந்தும் கண்ணைக் கூசச் செய்தது. மூன்றாம் அடியில் உருவம் முகங்குப்புற விழுந்துவிட்டது. மூன்று மாலைப் பொழுதுகளை இதற்காகச் செலவிட்டானாம். கற்பிப்பார் ஒருவருமின்மையால் இதனைக் கைவிடப்போவதாகச் சொன்னான்.

அவனுக்கு விடைகூற எனக்கு அக்கலை தெரியாது. ஆயினும், கற்பிப்பார் ஒருவருமில்லாத காலத்தில், ஒரு பட்டாணி விதையை ஆசிரியனாகக் கொண்டு அக்கலையின் முதற்பாடத்தைக் கற்ற ஒரு பெரியாரின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. அன்று அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றேன். இந்தியத் திரைப்படத்தின் தந்தையெனப் போற்றப்படும் தாதாசாகிப் பால்கேயே அப்பெரியார்.

கலையின் இயல்பு

வரலாற்றுக்குள் புகுமுன் இக்கலையின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். திரையில் நாம் காணும் அசைவு உண்மையில் அசைவன்று. ஒன்றற்கொன்று சிறிதே வேறுபட்ட நிலைப்படங்கள் விரைந்து தோன்றி மறைதலால், கண்ணும் உள்ளமும் அவற்றை இணைத்து அசைவெனக் கொள்கின்றன. ஊமைப்படக் காலத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் காட்டப்பட்டன. பேசும்படம் வந்தபின் அது 24 ஆயிற்று.

உயிருள்ளவரைப் படமெடுக்குங்கால் கமரா ஓடிக்கொண்டேயிருக்கும். உயிரில்லாப் பொருளுக்கோ இம்முறை பயன்படாது. பாவையை ஒரு நிலையில் நிறுத்தி ஒரேயொரு படம் எடுக்க வேண்டும். பின் அதன் கையையோ காலையோ ஓர் எள்ளளவு நகர்த்தி மறுபடியும் ஒரு படம் எடுக்க வேண்டும். இவ்வாறு எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் பாவை தானே நடப்பதாகத் தோன்றும். இக்காலத்தார் இதனை ஸ்டாப் மோஷன் என வழங்குவர். நாம் பாவைப்படக் கலை எனலாம்.

கேட்பதற்கு எளிதான இக்கலை செய்வதற்கு அரிது. கமரா மயிரிழையும் அசைதலாகாது. வெளிச்சம் மாறுதலாகாது. பாவை நிலைகுலைந்து விழுதலாகாது. நூறாவது படத்தில் நேர்ந்த ஒரு பிழை, முன்னெடுத்த தொண்ணூற்றொன்பதையும் பயனற்றதாக்கிவிடும். என் மாணவனுக்கு நேர்ந்தது இம்மூன்று பிழையுமேயாம்.

பிறப்பும் கல்வியும்

துண்டிராஜ் கோவிந்த பால்கே 1870ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், நாசிக் நகரை அடுத்த திரியம்பகம் என்னும் சிவத்தலத்திலே பிறந்தார். தந்தையார் வடமொழி வல்லுநர். சாத்திரியார் எனப் பெயர் பெற்றவர். தம் மைந்தனும் அவ்வழியே செல்வானென்று அவர் எண்ணியிருத்தல் இயல்பே. மைந்தனோ எழுத்தினும் ஓவியத்தையும், ஓதலினும் வேடிக்கைக் காட்சிகளையும் விரும்பினார்.

தந்தையார் பம்பாய் வில்சன் கல்லூரியில் வடமொழி ஆசிரியராக அமர்ந்தபோது குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. 1885இல் பால்கே அங்குள்ள ஜே. ஜே. ஓவியக் கல்லூரியிற் சேர்ந்து வரைதல் பயின்றார். பின்னர்ப் பரோடா நகரத்துக் கலாபவனத்திற் புகுந்து ஓவியம், சிற்பவுரு அமைத்தல், கட்டடக்கலை, நிழற்படம் முதலியவற்றைக் கற்றார். 1892இல் அகமதாபாத்தில் நடந்த கைத்தொழிற் கண்காட்சியில், நாடக அரங்கு ஒன்றின் மாதிரியுருவைச் செய்து வைத்துப் பொற்பதக்கம் பெற்றார். பிற்காலத்தில் அவருக்கு வாய்த்த பெருந்தொழிலுக்கு இக்கல்வி அனைத்தும் அடிப்படையாயிற்று. ஆனால் அக்காலத்தில் அதனை அவரும் அறியார், பிறரும் அறியார். பல தொழிலிலும் கைவைத்து ஒன்றிலும் நிலைக்காதவர் என்றே உற்றார் கருதியிருப்பர்.

பல தொழில் பயின்ற காலம்

கற்றபின் கோத்ரா என்னும் ஊரில் நிழற்படக் கூடம் ஒன்று அமைத்தார். ஆங்கு அவருக்குப் பெருந்துயர் நேர்ந்தது. கொள்ளைநோய்க்கு மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து அவ்வூரை விட்டு நீங்கினார். சிலகாலம் செர்மானிய மாயவித்தைக்காரர் ஒருவரிடம் கண்கட்டு வித்தை பயின்று, தம் பெயரின் எழுத்துக்களைத் திருப்பிப் பேராசிரியர் கெல்பா என்னும் புனைபெயருடன் மேடையேறியதும் உண்டு. காண்பவர் எதைக் கண்டு எதைக் காணாமல் விடுவர் என்னும் நுட்பத்தை அவர் கற்றது இங்கேதான்.

1902இல் மறுமணம் நடந்தது. கிரிசா என்னும் அப்பெண்மணி, மணத்தின்பின் சரசுவதி எனப் பெயர் பெற்றார். இவ்வம்மையாரைப் பற்றிப் பின்னும் சொல்லுதற்கு நிரம்பவுண்டு.

1903இல் அரசினர் தொல்பொருளாய்வுத் திணைக்களத்தில் நிழற்படம் எடுப்பவராகவும் வரைபவராகவும் பணியேற்றார். நிலையான வருவாயுள்ள அவ்வேலையை 1906இல் துறந்து, உலோணாவளாவில் அச்சுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். இரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிட்ட நிறுவனத்துக்காகவும் கல்லச்சு வேலை செய்தார். பின்னர் அச்சுக்கூடம் பம்பாயைச் சேர்ந்த தாதருக்கு மாறி இலட்சுமி கலையச்சகம் எனப் பெயர் பெற்றது. வண்ண அச்சுப் பொறிகளை வாங்குதற்கு 1909இல் ஜேர்மனிக்குஞ் சென்று மீண்டார். தொழில் பெருகிய வேளையிற் பங்காளிகளோடு கருத்து வேற்றுமை எழுந்தது. பால்கே தமக்கென ஒன்றும் பெறாது வெறுங்கையுடன் வெளியேறினார். அப்போது அவருக்கு அகவை நாற்பதைக் கடந்திருந்தது. நம்மிற் பலர் இனிப் புதிதாகக் கற்பதற்கு ஒன்றுமில்லையென ஓய்ந்துவிடும் பருவம் அது.

கண்ணைப் பறித்த காட்சி

1911ஆம் ஆண்டு, கிறித்தவர்களின் உயிர்த்த ஞாயிறுப் பெருநாட் காலத்தில், பம்பாய்க் கிர்காம் பகுதியிலிருந்த கொட்டகை ஒன்றிலே தம் மூத்த மைந்தனுடன் அசையும் படம் பார்த்தார். அடுத்துச் சென்றபோது இயேசுநாதர் வரலாறு காட்டப்பட்டது. திரையில் அப்பெருமான் நடமாடுவதைக் கண்ட பால்கேயின் உள்ளத்தில் கண்ணனும் இராமனும் அவ்வாறே நடமாடத் தொடங்கினர். நம் நாட்டுக் கதைகளை நம்மவரே நடித்து, நம்மவரே படமாக்கிக் காட்டுதல் வேண்டும் என்னும் எண்ணம் அன்று வேரூன்றியது.

அதன்பின் அவருக்கு வேறு நினைவில்லை. நாள்தோறும் படக்கொட்டகைக்குச் சென்றார். வீட்டிலிருந்த நேரமெல்லாம் மெழுகுதிரி வெளிச்சத்தையும் வில்லையையும் கொண்டு சுவரில் படத்துண்டுகளைக் காட்டி ஆராய்ந்தார். ஊணும் உறக்கமும் சுருங்கின. கண்ணைப் பெரிதும் வருத்தியதால் பார்வை மங்கிச் சிலகாலம் முற்றிலும் அற்றுப்போயிற்று. படத்தொழிலைத் தொடங்குமுன்னரே கண்ணை இழந்தவராய் அவர் வீட்டிற் கிடந்த அந்நாட்களில் அக்குடும்பம் பட்ட பாட்டை எண்ணுதற்கு நெஞ்சு நடுங்குகின்றது. மருத்துவரின் நற்பணியாற் பார்வை மீண்டது. மீண்ட கண்ணைக் கொண்டு அவர் முதலிற் செய்ததும் மறுபடி படம் பார்த்ததேயாம்.

இத்தகைய ஊக்கத்தை நாம் வியக்கலாம். முழுவதும் பின்பற்றுமாறு மாணவரை ஏவுதல் தகாது. உடலை அழித்துக் கற்குங் கல்வி கற்பவனையும் அவனைச் சார்ந்தாரையும் ஒருங்கே வருத்தும். இதனைப் பால்கேயின் வாழ்வே நமக்குக் காட்டுகின்றது.

கடல்கடந்து கற்றமை

கருவிகள் இங்கிலாந்திலேதான் கிடைக்கும். செல்வதற்கோ பொருளில்லை. 12,000 ரூபா பெறுமதியுள்ள தம் ஆயுட்காப்புறுதிப் பத்திரங்களை ஈடுவைத்து, நண்பர் ஒருவரிடம் 10,000 ரூபா கடன் பெற்றார். தாம் இறந்தால் குடும்பத்தைக் காப்பதற்கென்றிருந்த பொருளை, தாம் வாழ்ந்து செய்ய விரும்பிய தொழிலுக்காக அடகு வைத்தார் என்க. 1912 பெப்ரவரி முதலாம் நாள் இலண்டனுக்குப் புறப்பட்டார்.

இலண்டனில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. பயாஸ்கோப் என்னும் திரைப்பட இதழின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்து, அதன் ஆசிரியரிடம் தம் கருத்தைத் தெரிவித்தார். முதலில் அவ்வாசிரியர் இந்தியாவில் இத்தொழில் எளிதன்றெனத் தடுத்தாராயினும், பால்கேயின் உறுதியைக் கண்டு உதவ முன்வந்தார். அவர் வாயிலாகச் செசில் எப்வெர்த் என்னும் புகழ்பெற்ற படத் தயாரிப்பாளரின் வால்டன் கூடத்தைக் கண்டு, படம் எடுக்கும் முறையையும் கழுவும் முறையையும் நேரிலே பார்த்தறிந்தார். அங்குத் தங்கிய காலம் மிகக் குறுகியது. வில்லியம்சன் கமரா ஒன்றை 50 பவுண் கொடுத்து வாங்கி, படச்சுருளுக்குந் துளையிடும் பொறிக்கும் ஏற்பாடு செய்துகொண்டு ஏப்பிரல் முதலாம் நாளே பம்பாய் மீண்டார்.

பட்டாணிச் செடி

கருவி வந்து சேர்ந்தபின் அதனைக் கையாளத் தம் பிள்ளைகளையே படமெடுத்துப் பழகினார். ஆனால் முழுநீளப் படம் எடுப்பதற்கு வேண்டிய முதலை எவர் தருவர்? படமென்பது அயல்நாட்டார் வித்தை, அதனை இந்நாட்டான் ஒருவன் செய்தல் கூடுமோ என்று செல்வர் ஐயுற்றனர். வாய்ச்சொல்லால் இவ்வையம் நீங்காதென்பதைப் பால்கே உணர்ந்தார்.

அந்நிலையில் அவர் செய்ததுதான் என் மாணவனுக்கு நான் முதன்மையாக எடுத்துரைத்தது. தொட்டி ஒன்றிலே பட்டாணி விதைகளை ஊன்றினார். அதன்முன் கமராவை அசையாது நிறுத்தினார். விதை முளைத்து, இலைவிட்டு, கொடியாய்ப் படரும் வரையில், ஒரு திங்களுக்கு மேலாக இடைவெளிவிட்டு இடைவெளிவிட்டு ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டே வந்தார். அப்படங்களை ஓட்டியபோது, ஒரு திங்கள் வளர்ச்சி ஒரு நிமிட அளவிலே கண்முன் நிகழ்ந்தது. மண்ணைப் பிளந்து முளை தலைதூக்கிற்று, இலை விரிந்தது, கொடி தானே எழுந்து படர்ந்தது. அங்குராச்சி வாட் என மராத்தியில் அதற்குப் பெயர். முளையின் வளர்ச்சி என்பது அதன் பொருள்.

நாள் ஒன்றுக்கு ஒரு படமே எடுத்தார் என்று சிலர் எழுதுவர். ஆசிரியத் தொழிலினனாதலின் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தேன். முப்பது நாளில் முப்பது படமெனின் அவை திரையில் இரண்டு விநாடிக்குமேல் நில்லா. ஒரு நிமிடம் ஓடுவதற்கோ 960 படங்கள் வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு முப்பதுக்குக் குறையாமல், குறித்த நேரந் தவறாது அவர் கமராவின் முன் நின்றிருத்தல் வேண்டும். நாட்கு ஒரு படம் என்னும் கதையினும் இவ்வுண்மை பெரிது. காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் ஒரு செடியின் அடிமையாக ஒரு திங்கள் வாழ்தல் எளிதோ?

செடி தானே வளரும். பாவையை நாம் நகர்த்த வேண்டும். இவ்வொரு வேற்றுமையன்றி இரண்டும் ஒரே கல்வி. நிலையான கமரா, ஒழுங்கான இடைவெளி, பதறாத கை ஆகிய மூன்றையும் பட்டாணிச்செடி அவருக்குக் கற்பித்தது. படத்தைக் கண்ட செல்வர் ஐயம் நீங்கிக் கடன்கொடுக்க இசைந்தனர். போதாக்குறைக்குச் சரசுவதி அம்மையாரின் அணிகளும் அடகுக்குச் சென்றன.

அரிச்சந்திரன் அரங்கேற்றம்

நம் ஈழத்து நாடக மேடைக்குப் பழையவனாகிய அரிச்சந்திரனையே பால்கே தம் முதற் பெரும்படத்துக்குத் தலைவனாகக் கொண்டார். பெண்பாத்திரம் ஏற்பதற்கு ஒரு பெண்ணும் முன்வாராமையால், உணவகம் ஒன்றிற் சமையற் பணி செய்த சாளுங்கே என்னும் இளைஞர் தாராமதி ஆனார். நம் கூத்துக் களரியிலும் ஆடவரே பெண்வேடம் புனைதல் மரபாதலின் நமக்கு இது வியப்பன்று. மூத்த மைந்தன் பாலசந்திரன் அரசிளங்குமரனாக நடித்தான்.

பகலெல்லாம் நடிகருக்கும் பணியாளருக்கும் சமைத்துப் பரிமாறிய சரசுவதி அம்மையார், இரவில் இருட்டறையில் அமர்ந்து படச்சுருளுக்குத் துளையிட்டார், படங்கழுவுதற்குத் துணைநின்றார். அத்துளைகள் ஒழுங்காக அமையாவிடின் படம் திரையில் துள்ளிக் குதிக்கும். அசைவின் ஒழுங்கு அவ்வம்மையாரின் விரல்களில் தங்கியிருந்தது எனலாம். பால்கேயின் புகழைப் பேசுவோர் பலரும் இதனை ஒருவரியிற் கூறிக் கடந்துவிடுகின்றனர். இந்தியப் படத்தொழிலுக்குத் தந்தை ஒருவர் உண்டெனின் தாய் ஒருவரும் உண்டென்பதை மறத்தல் அறமன்று.

3,700 அடி நீளங்கொண்ட இராஜா அரிச்சந்திரன் 1913 ஏப்பிரல் 21ஆம் நாள் அழைக்கப்பட்டோருக்குக் காட்டப்பட்டு, மே 3ஆம் நாள் பம்பாய்க் கொறனேஷன் கொட்டகையில் பொதுமக்கள் முன் அரங்கேறியது. மக்கள் திரண்டு வந்தனர். பால்கே நாசிக்குக்குத் தம் கூடத்தை மாற்றி மோகினி பஸ்மாசுரன், சத்தியவான் சாவித்திரி என்னும் படங்களையும் எடுத்தார். 1914இல் இப்படங்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று காட்டினார். ஆங்கிலேயர் அவரது தொழிற்றிறனைப் பாராட்டி ஆங்கேயே தங்கிப் பணியாற்ற அழைத்தபோதும், தாய்நாட்டில் தொழில் வளர்தல் வேண்டுமென மறுத்து மீண்டார்.

தீக்குச்சிகளின் விளையாட்டு

அவ்வாண்டிலே முதலாம் உலகப்போர் மூண்டது. முதல் தருவதாக ஒப்பியிருந்தோர் பின்வாங்கினர். வெளிநாட்டுப் படச்சுருள் அரிதாயிற்று. பல நடிகரையுங் காட்சிகளையுங் கொண்ட பெரும்படம் எடுத்தல் இயலாதாயிற்று. வேறொருவராயின் நல்ல காலம் வருமட்டும் வாளாவிருப்பர். பால்கே, சம்பளங் கேளாத, சோறு வேண்டாத நடிகரைத் தேடினார். அவர்கள் ஒரு தீப்பெட்டிக்குள் இருந்தனர்.

1915இல் அவர் எடுத்த ஆக்காட்யாஞ்சி மௌச் என்னும் குறும்படத்தின் பெயருக்குத் தீக்குச்சிகளின் வேடிக்கை என்பது பொருள். ஒவ்வொரு குச்சியையும் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்து, அவை தாமே இயங்குவதுபோற் காட்டினார். பத்து விநாடி விளையாட்டுக்கு 160 முறை கமராவினின்று குச்சிக்கும், குச்சியினின்று கமராவுக்கும் கை மாறவேண்டும். இந்திய நாட்டில் உயிரில்லாப் பொருளைத் திரையில் இயங்கவைத்த முதன்முயற்சிகளுள் ஒன்றாக இது வைத்தெண்ணப்படுகின்றது. ஓவியமும் சிற்பமும் மாயவித்தையும் அச்சுத்தொழிலும் பட்டாணிச் செடியும் அவருக்குத் தந்த கல்வி அனைத்தும் அச்சிறு குச்சிகளில் ஒன்றுகூடின.

உலகின் பிற பகுதிகளிலும் அக்காலத்தில் இதனையொத்த முயற்சிகள் நிகழ்ந்தன. பிரான்சு நாட்டில் எமில் கோல் என்பார் 1908இலேயே தீக்குச்சிகளைத் திரையில் ஆட்டுவித்தார். உருசியப் பேரரசுக்குட்பட்ட கவுனாசு நகரத்து நூதனசாலையில் பணிபுரிந்த இலாடிசுலாசு இசுதாரெவிச்சு என்பார், 1910இல் கொம்புவண்டுகள் பொருதலைப் படமாக்க விழைந்தார். விளக்கின் வெப்பத்தில் வண்டுகள் செயலற்றுப்போயின. அவர் மனம் தளராது, உயிரற்ற வண்டுகளுக்குக் கம்பியாற் கால் அமைத்து, அவற்றைப் பாவைகளாக்கி ஒவ்வொரு படமாக எடுத்தார். பாவைப்படக் கலையின் முன்னோடியாக உலகம் இன்று போற்றும் அவரும் தோல்வியிலிருந்தே தொடங்கினார். தம்முட் சந்தித்திராத இவர்கள் மூவரும் ஒரே பொறுமையை வெவ்வேறிடத்திற் கற்றனர்.

பால்கேயின் தீக்குச்சிப் படம் இன்று காணக் கிடைப்பதில்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது; பேணாவிடின் பொடிந்து அழிந்தும் போகும். அரிச்சந்திரன் படத்திலும் ஒரு பகுதியே எஞ்சியுள்ளது. நம் ஏட்டுச் சுவடிகளைச் செல்லுக்கு இரையாக்கிய குற்றத்தை நாம் அறிவோம். படச்சுருளுக்கும் அக்குற்றத்தையே செய்தோம்.

ஏற்றமும் இறக்கமும்

1917இல் இலங்கா தகனம் வெளிவந்தது. முன்பு தாராமதியாக நடித்த சாளுங்கேயே அதில் இராமனாகவுஞ் சீதையாகவும் இரு வேடந் தாங்கினார். அனுமன் வானிற் பறப்பதும் இலங்கை எரிவதும் மக்களை வியப்பிலாழ்த்தின. படங்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதை விளக்கும் படம் ஒன்றையும் அவர் எடுத்து, தம் வித்தையை மறைக்காது பிறர்க்குக் காட்டினார். கற்றதை ஒளிக்காத இப்பண்பு ஆசிரியர்க்கு அணியாகும்.

1918இல் பம்பாய் வணிகர் சிலரைக் கூட்டாகக் கொண்டு இந்துஸ்தான் படக் கழகம் தோன்றியது. கண்ணன் பிறப்பு, காளிய மர்த்தனம் ஆகியவை அக்கழகத்தின் படங்கள். பின்னதில் கண்ணனாக ஆடியவள் பால்கேயின் மகள் மந்தாகினி. ஆனால் அச்சுக்கூடத்தில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. கலையைக் கருதியவரும் கணக்கைக் கருதியவரும் ஒத்துப்போகவில்லை. கழகத்தினின்று விலகிக் குடும்பத்தோடு காசிக்குச் சென்று, மராத்தியில் நாடகம் எழுதிச் சிலகாலம் கழித்தார். பின் அழைப்பின்பேரில் மீண்டார். பிறரோடு கூடித் தொழில் நடத்தும் ஆற்றல் அவரிடம் குறைவாயிருந்தது என்பதை மறைத்தற்கில்லை. தம் கைக்குள் அடங்கிய தீக்குச்சியை ஆட்டுவிப்பதில் அவருக்கிருந்த பொறுமை, மனிதரோடு பழகுவதில் இருந்திலது போலும்.

இதற்கிடையிற் காலம் அவரைக் கடந்து சென்றது. 1931இல் இந்தியாவிற் பேசும்படம் வந்தது. ஊமைப்படமாக எடுத்த சேதுபந்தனத்துக்குப் பின்னர் ஒலி சேர்க்கவேண்டியதாயிற்று. கோலாப்பூரில் எடுத்த கங்காவதரணம் 1937இல் வெளிவந்தது. அவர் பேசும்படமாகவே எடுத்தது அஃதொன்றே. இறுதிப் படமும் அதுவே. தாம் தோற்றுவித்த தொழில் பல்லாயிரவருக்குச் செல்வந் தந்துகொண்டிருக்க, அவர் நாசிக்கில் வளங்குன்றி வாழ்ந்து, 1944 பெப்ரவரி 16ஆம் நாள் மறைந்தார். இருபத்தைந்து ஆண்டு கழிந்தபின், 1969இல் இந்திய அரசு திரைத்துறையின் மிகவுயர்ந்த விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது. புகழ் வந்தபோது அதனைக் காண அவர் இருந்திலர்.

நமக்கு வாய்த்த பாடம்

வடமொழிப் புலவரின் மைந்தராய்ப் பிறந்து, பொறியையும் ஒளியையும் கற்ற பால்கேயை எண்ணும்போது, நம் மட்டக்களப்பு மண்ணின் விபுலாநந்த அடிகள் நினைவுக்கு வராமற்போகார். அடிகள் விஞ்ஞானமுங் கற்றார், பண்டிதருமானார். நாடக இலக்கணத்தை மதங்கசூளாமணியில் ஆராய்ந்தார். வழக்கொழிந்த யாழைக் கணித அறிவின் துணைகொண்டு மீளக் கண்டார். மரபும் புதுமையும் ஒருவர் உள்ளத்தில் இணங்கி வாழ்தல் கூடுமென்பதற்கு இருவரும் சான்றாவர். கைப்பேசியிற் பாவையாட்டும் மாணவனைக் கண்டு, பாடத்தை விட்டு விளையாடுகிறான் என்று முனிவதற்குமுன் ஆசிரியராகிய நாம் இதனைச் சிறிது எண்ணுதல் வேண்டும். பால்கே 50 பவுணுக்கு வாங்கிய வசதியினும் மேம்பட்டதொன்று இன்று அவன் சட்டைப்பையில் இருக்கின்றது. பட்டாணிச் செடியின்முன் ஒரு திங்கள் நின்ற பொறுமையை மட்டும் எக்கடையிலும் வாங்கமுடியாது.

இவற்றை அம்மாணவனுக்குச் சொல்லி முடித்தபோது, களிமண் பாவையை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துத் தீக்குச்சியிலிருந்து தொடங்குமாறு கூறினேன். குச்சி விழாது, அதற்குக் காலுமில்லை. கைப்பேசியைப் புத்தக அடுக்குக்கிடையில் இறுகச் செருகுமாறும், பகல் வெளிச்சத்தை நம்பாது சாளரத்தை அடைத்து ஒரே விளக்கின் ஒளியில் எடுக்குமாறும், இரவு நெடுநேரம் கண்விழிக்க வேண்டாமென்றும் சொன்னேன். முதலிரண்டும் அவன் தோல்வியினின்று நான் அறிந்தவை. மூன்றாவது பால்கேயின் கண்ணோயினின்று அறிந்தது.

இரு வாரங் கழித்து மீண்டும் வந்தான். நான்கு தீக்குச்சிகள் பெட்டியினின்று ஒவ்வொன்றாக ஊர்ந்து வெளிவந்து, ஒன்றுகூடி ஒரு சதுரமாயின. இடையில் ஓரிடத்தில் அவன் விரல்நுனி தெரிந்தது. மற்றைய குறை ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்து என்ன செய்யப் போகிறாயெனக் கேட்டேன். ஐந்தாவது குச்சியைச் சேர்த்து ஒரு வீடு கட்டிய பின்னரே மீண்டும் களிமண்ணைத் தொடப்போவதாகச் சொன்னான். தாதாசாகிப் பால்கேயின் மறைந்துபோன தீக்குச்சிப் படத்தை நாம் இனிக் காணப்போவதில்லை. ஆயினும் அவர் தொடங்கிய இடத்திலிருந்து நம் பிள்ளைகள் தொடங்குவாராயின், அப்பெரியாருக்கு நாம் செய்யத்தக்க நினைவுச்சின்னம் அதனினும் சிறந்ததொன்று இல்லையெனத் துணிகின்றேன்.